வெட்டாத வாள், முப்பதாயிரம்

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில், கூரியர் ஆபீஸில் வாங்கிய சினிமா வாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். படத்தில் வந்த வாளின் நகல், படக் கம்பெனி அனுமதியோடு செய்தது.

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மா கேட்டார், "எவ்வளவுங்க?"

"முப்பதாயிரம்."

"வெட்டுமா?"

"வெட்டாதுங்க. ஆனா படத்துல வந்த வாள்லேருந்தே அச்சு எடுத்தது. படக் கம்பெனிக்கு உரிமைப் பணம் கட்டணும். மொத்தமே ஐந்நூறுதான் செஞ்சிருக்காங்க. நம்பர் போட்ட சர்டிஃபிகேட்டும் உண்டு."

அவர் சர்டிஃபிகேட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அப்ப காசு இந்தப் பேப்பருக்குத்தான். வாளை இலவசமா குடுத்திருக்காங்க."

சர்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இப்போது வீட்டு வாசலில் நிற்கிறேன். மனைவிக்கு விலை தெரியாது. நம்பும்படியாக ஒரு தொகை சொல்லுங்கள், உள்ளே போக வேண்டும்.