இரண்டு மணிக்கட்டுக்கு ஒரு வாட்ச்

வாட்ச் வாங்கப் போன அன்று தி.நகர் கடையில் நான் இருந்தேன், அம்மா இருந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சேல்ஸ்மேன் ஒருவர் இருந்தார். அவன் இல்லை. அவனுடைய ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டும் என் சட்டைப் பையில், என்னுடைய ஏழாயிரத்து ஐந்நூறோடு சேர்ந்து இருந்தது.

அவன் என்றால், என்னோடு கார்ப்பரேஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். கோட்டூர்புரம் பக்கம் ஆற்றோரமாக இருந்த அவர்கள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் ஒரு வீட்டைக் கொடுத்தார்கள். அதோடு அவன் படிப்பு நின்றது. இப்போது மயிலாப்பூர், அடையாறு பக்கம் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். நான் பி.காம் முடித்துவிட்டு ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். அவளுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும்.

பள்ளியில் ஓடிய பழக்கத்தை நாங்கள் இருவரும் விடவில்லை. அவன் விடிகாலை பைக்கில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்துவான், இருவரும் கடற்கரைச் சாலையில் ஓடுவோம், பிறகு அவன் டெலிவரி டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவான். அப்படியிருந்த சமயத்தில்தான் அடையாறில் ஒரு ஓட்டக் குழுவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டோம். டாக்டர்கள், கம்பெனி அதிகாரிகள் என்று வசதியானவர்கள் சேர்ந்து ஓடும் குழு. அவர்களுக்கு முன்னால், சொன்ன வேகத்தில், கூடாமல் குறையாமல் ஓடிக் காட்ட வேண்டும். பேசர் என்பார்கள். காலையில் மூன்று மணி நேர வேலை, மாதம் பதினெட்டாயிரம். இரண்டு பேர் வரை எடுப்பார்கள் என்று சொன்னார்கள். நிபந்தனை ஒன்றுதான். இரண்டு மாதம் ஓடிய பதிவைக் காட்ட வேண்டும். போனில் பதிந்தது செல்லாது, இதயத்துடிப்போடு ஜிபிஎஸ் வாட்ச்சில் பதிந்ததுதான் வேண்டும்.

அந்த வேலை என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. எனக்கு மருந்துக்கடையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி இருந்தது. அவன் பகல் முழுக்க வெயிலில் இருந்தான்.

ஆளுக்கொரு வாட்ச் வாங்க வழியில்லை. பாதிப் பாதி போட்டு ஒன்று வாங்குவது என்று முடிவானது. வாங்கும் நாளில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ போய் பாரு மச்சி, உனக்குதான் படிச்சிப் பாத்து வாங்கத் தெரியும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "கலரு கிலரு ஒண்ணும் வாணாம். வெயில்ல நம்பர் தெரியணும், தூரத்த கரீட்டா காட்டணும். அவ்ளோதான்."

சேல்ஸ்மேன் முதலில் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல கால் பேசலாம், பாட்டு கேக்கலாம். மூவாயிரத்து ஐந்நூறுதான்."

"ஜிபிஎஸ் இதுக்குள்ளயே இருக்கா, போன்லேர்ந்து எடுத்துக்குமா?"

"போன் கூட இருந்தா எடுத்துக்கும் பாஸ்."

அம்மா குறுக்கே வந்தாள். "போன கைல புடிச்சிக்கினுதான் ஓடணும்னா, வாட்ச் இன்னாத்துக்கு தம்பி?"

அவர் அடுத்தடுத்து எடுத்து வைத்தார். அம்மா ஒவ்வொன்றையும் புரட்டி, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே பச்சை விளக்கு மினுக்கியது. துடிப்பை அதுதான் பார்க்கும் என்று சொன்னேன். கடைசியில் சாம்பல் நிறத்தில், கலர் இல்லாத திரையோடு, சுற்றி ஐந்து பொத்தான் வைத்த ஒன்று. பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. வெளியே கொண்டுபோய் சேட்டிலைட் பிடிக்கிறதா என்று பார்க்கலாமா என்றேன்.

"பாக்கலாம், ஆனா நானும் வரேன். ஓடுற வாட்ச்ச ஓடுற பையன் கைல கட்டித் தனியா அனுப்பினா, முதலாளி என்ன துரத்திட்டு ஓடுவாரு."

உஸ்மான் ரோடு மேம்பாலத்துக்குக் கீழே அது தேடிக்கொண்டே இருந்தது. பனகல் பார்க் பக்கம் வந்ததும் அதிர்ந்து, தயார் என்று காட்டியது. பார்க்கை ஒரு சுற்று நடந்தோம். சேல்ஸ்மேன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

கடைக்குத் திரும்பியதும் நான் கேட்டேன். "இத ரெண்டு பேர் மாத்தி மாத்திக் கட்டலாமா?"

"பாஸ், இது ஷேர் ஆட்டோ இல்ல. ஒரு வாட்ச், ஒரு ஆளு, ஒரு அக்கவுண்ட்."

வாட்ச்சை என் போனில் இணைத்ததும் பெயர், வயது, உயரம், எடை எல்லாம் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். "உன் பேரயே போடு" என்றாள். "அவன் வந்தா அப்பால பாத்துக்கலாம்." போட்டேன். பத்து ரூபாய் மீதி வந்தது. மறுநாள் காலை அவனுடைய ஐந்து ரூபாயைக் கொடுத்தபோது, "இன்னாடா, பேங்க்ல வேலைக்கு சேந்துட்டியா?" என்று சிரித்தபடி வாங்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டான்.

திங்கள், புதன், வெள்ளி அவன் கட்டுவான். செவ்வாய், வியாழன், சனி நான். ஞாயிறு நீண்ட ஓட்டம், அன்று அவனுக்கு. அவன் மணிக்கட்டு ஒல்லி, பட்டையில் கடைசிக்கு முந்தின ஓட்டை. எனக்கு அதிலிருந்து இரண்டு தள்ளி. ஓடி முடித்ததும் ஈரத்தோடு கழற்றிக் கொடுப்பான். வாட்ச்சுக்கு எங்களைப் புரியவில்லை. மூன்று நாள் ஓய்வெடுக்கச் சொல்லி அடிக்கடி எச்சரித்தது. "பாவம், ஒரே ஆளு இப்டி ஓடுறானேன்னு பயப்படுது" என்பான் அவன்.

ஓட்டமெல்லாம் என் போனில், என் பெயரில் சேர்ந்துகொண்டே போனது. அவனுடையதைப் பிரித்து அவன் பெயரில் ஏற்ற ஒரு வழி இருக்கிறது என்று படித்து வைத்திருந்தேன். அதற்கு அவனுக்கு ஒரு இமெயில் வேண்டும், அவன் போனில் இடம் வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தான்.

ஒரு ஞாயிறு அவன் பட்டினப்பாக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பினான். இருபத்தோரு கிலோமீட்டர், ஒரு மணி முப்பத்தேழு நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டரில் வேகம் ஏறியிருந்தது. ஷூவின் உள்பக்கம் கிழிந்திருந்ததால் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் சிவந்துவிட்டது. அம்மா மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி ஒரு பேசினில் கொட்டி, காலை அதில் வைக்கச் சொன்னாள். "மீன் நாத்தம் அடிக்குது ஆயா" என்று கத்தினான். "நீ மட்டும் இன்னா சென்ட்டா அடிக்கிற, வெய்யிடா" என்றாள். அதே தூரத்துக்கு என்னுடைய சிறந்த நேரம் ஒரு மணி ஐம்பத்து நான்கு.

இரண்டு மாதம் முடிந்ததும் குழுவை நடத்தும் மேடத்துக்கு ஓட்டப் பதிவின் லிங்க் அனுப்பினேன். எது யார் ஓடியது என்று நேரில் விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து லிங்க்கை மட்டும் அனுப்பினேன். சனிக்கிழமை அடையாறில் ஒரு காபி கடைக்கு வரச் சொன்னார். அன்று மத்தியானம் வரை அவனால் வேலையை விட்டு வர முடியவில்லை. "எனக்கும் சேத்துப் பேசிட்டு வா மச்சி" என்றான்.

மேடம் நல்ல மாதிரி. எனக்கும் காபி சொன்னார். "இப்போதைக்கு ஒருத்தர் போதும்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றார் முதலிலேயே. பிறகு போனை என் பக்கம் திருப்பினார். "இந்த சண்டே ரன் ரொம்ப நல்லா இருக்கு. கடைசில ஸ்பீட் ஏத்தியிருக்கீங்க. இருபத்தோரு கிலோமீட்டர ஒன் ஃபார்ட்டி ஃபைவ்ல ஓடுற குரூப்ப உங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். இதெல்லாம் நீங்க ஓடினதுதானே?"

அங்கே அவன் இல்லை. வாட்ச் அன்று என் கையில்தான் இருந்தது.

"ஆமா மேடம்."

அவனிடம் சொல்லும்போது பாதியைத்தான் சொன்னேன். ஒருவர்தான் வேண்டுமாம், எனக்குக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த ஆள் எடுக்கும்போது உன்னைச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சொல்லியிருக்கவில்லை. "நம்ம ரெண்டு பேர்ல யாருக்கோ ஒருத்தனுக்குக் கெடச்சுதே, அது போதும்" என்றான். "ட்ரீட் எப்போ?" மருந்துக்கடையை விட்டு நின்றேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது ஞாயிறு, கலங்கரை விளக்கம் பக்கம் குழு ஓடி முடித்து நின்றிருந்தது. இப்போது ஞாயிறும் வாட்ச் என் கையில்தான். திங்கட்கிழமைக்கு அதை வாங்கிக்கொள்ள அவன் பைக்கை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அதே நேரம் மேடம் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அழைத்து வந்தார். "இவர்தான் உங்க பேசர். பட்டினப்பாக்கத்துலேர்ந்து நேப்பியர் பாலம் ரெண்டு தடவ, ஒன் தர்ட்டி செவன். கடைசி மூணு கிலோமீட்டர் பறந்திருக்காரு."

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நகர்ந்துபோனதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு ஐஸ்ல கால வெச்சிக்கினு குந்தினு இருந்தது யாரு மச்சி, நீயா?"

"நான் உங்கிட்ட சொல்லணும்னுதான்..."

"கொப்புளம் யாருக்கு வந்துச்சு? சொல்லு. எனக்கு மறந்துபூட்ச்சு."

வாட்ச்சைக் கழற்றி நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை. "நீயே கட்டிக்க நைனா. உன் பேர்ல தான கீது" என்றான். பைக்கை உதைத்தான். இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை, மூன்றாவதற்குக் கிளம்பியது.

அதற்குப் பிறகு அவன் ஓட வரவில்லை.

வேலையும் ஓடவில்லை. அந்தக் குழுவுக்குக் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். பன்னிரண்டாவது கிலோமீட்டரிலேயே எனக்குப் பின்னால் வர வேண்டியவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். அவர்கள் எல்லோர் கையிலும் வாட்ச் இருந்தது. மணிக்கட்டைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். ஆறாவது வாரம் மேடத்திடம் நானே சொன்னேன். அந்த ஓட்டம் என்னுடையதல்ல, என் நண்பனுடையது, வாட்ச் இருவருக்கும் பொது என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. அவர் இன்னும் ஓடுறாரா? அவர் லிங்க்க அனுப்பச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார். என்னைப் புதிதாக நடக்க வருகிறவர்களின் குழுவுக்கு மாற்றினார். சம்பளம் ஒன்பதாயிரம்.

அன்று வீட்டில் உட்கார்ந்து அவனுடைய ஓட்டங்களைப் பிரித்தேன். கிழமையை வைத்துப் பெரும்பாலும் பிரிந்துவிட்டது. சில நாள் மாற்றிக் கட்டியிருந்தோம், அதை இதயத்துடிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஒரே வேகத்தில் அவனுக்கு எப்போதும் என்னைவிடப் பதினைந்து, இருபது குறைவாகத் துடிக்கும். முப்பத்தொரு ஓட்டம். அவன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேர வேலைதான். அதைத்தான் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

அவன் வீட்டுக்குப் பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம் ஆனது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, எட்டு மாடி ஏறினேன். அவன் அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவன் உள்ளேயிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். நான் போனைக் காட்டினேன். அவன் பெயர், அவன் ஓட்டங்கள், மேலே அந்த ஞாயிறு. வாங்கிப் பார்த்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான்.

"காலைல ஓடுறதில்ல மச்சி இப்போ. மளிகை டெலிவரிக்கு மாறிட்டேன். விடிகால நாலர மணிக்கு ஷிஃப்ட்டு."

"மேடம் கேட்டாங்கடா. லிங்க் அனுப்பினா போதும்."

"அனுப்பிட்டு? இன்னிக்கு ஓடிக் காட்டுன்னா எங்கேந்து ஓடுறது? ஒரு மாசமா ஷூவ தொடல." போனைத் திருப்பிக் கொடுத்தான். "சாயங்கால ஷிஃப்ட்டும் கீது, டைம் ஆவுது. நீ சாப்ட்டுப் போ, அம்மா போடும்." படியிறங்கிப் போய்விட்டான். நான் சாப்பிடவில்லை.

வீட்டில் அம்மா மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். தண்ணீரை ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "பேர போடுன்னு நான்தான சொன்னேன்" என்றாள் கடைசியில். பிறகு, "அதுல அவன் காசும் கீது இல்ல?" என்றாள்.

முதல் சம்பளத்தில் மிச்சம் இருந்ததிலிருந்து அவன் நம்பருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். மன்னிச்சிடுடா என்று கீழே எழுதி, அழித்து, வாட்ச் என்று மட்டும் எழுதினேன். அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் நடக்கிறவர்களை அழைத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது கையில் வாட்ச் அதிர்ந்தது. போனுக்கு வரும் செய்தியெல்லாம் அதிலும் வரும். அவனிடமிருந்து பணம் வந்திருந்தது. ஐந்து ரூபாய்.

நான் தவறாக அனுப்பியிருந்தேன். அவன் பங்கு ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்துதான், மீதி ஐந்தை அப்போதே வாங்கிக்கொண்டுவிட்டான். அவனுக்கு இப்போது செலவு ஒன்றும் இல்லை. எனக்கு வாட்ச்சின் முழு விலை, பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.