சோடாவும் ஒரு டிரம் தண்ணீரும்

நேற்று வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வாளித் தண்ணீரில் காஸ்டிக் சோடாச் சில்லுகளைப் போட்டதும் வாளி சுட்டது. மூக்கைக் குத்தும் ஆவி எழுந்தது. எனக்கு மறுபடியும் ஒன்பது வயது.

அப்போது சங்கரன்கோவிலில் அம்மா வீட்டிலேயே துணி சோப்பு செய்து விற்றாள். சோடாவைக் கரைத்தால் அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கும். அது ஆறியதும் தேங்காயெண்ணெயில் ஊற்றிக் கிண்டுவாள். தோலைப் பொசுக்கும் சோடா இரண்டு நாளில் கட்டிச் சோப்பாகிவிடும்.

"தண்ணியில சோடாவப் போடணும். சோடாவுல தண்ணி ஊத்தப்பிடாது" என்று அம்மா தினமும் சொல்லுவாள். ஒருநாள் அவளுக்கு உதவுவதாக நினைத்து, சோடா இருந்த சட்டியில் நான் தண்ணீரை ஊற்றிவிட்டேன். குபீரென்று பொங்கித் தெறித்தது. அம்மா பாய்ந்து என்னை இழுத்தாள். என் முழங்கை முதலில் வழுவழுத்தது, பிறகு எரிந்தது.

பக்கத்து வீட்டு அத்தை எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தாள். "இதப் பிழிஞ்சு விடு, சோடா முறிஞ்சிரும்!"

"வேண்டாம் மதினி. தண்ணிதான் ஊத்தணும்."

வாரம் ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்திருந்த டிரம் முழுவதையும் செம்பு செம்பாக என் கையில் ஊற்றினாள். அடிப்பாள் என்று பயந்தேன். "அழாதட்டி, ஒண்ணுமில்ல" என்றாள். எரிச்சல் அடங்கியது.

சாயங்காலம் அவள் சோறு போட்டபோதுதான் பார்த்தேன். அவளுடைய இடது புறங்கை தோலுரிந்து சிவந்திருந்தது.

"நீ ஏம்மா தண்ணி ஊத்திக்கிடல?"

"தீந்து போச்சுல்லா" என்றாள்.