வெள்ளைக் குழாய்கள்

நேற்று ஊர்க்கூட்டத்துக்குப் போனபோது, கோயில் மண்டப வாசலிலேயே அந்த வாசனை வந்துவிட்டது. டீசலும் ஈரக் களிமண்ணும் கலந்த வாசனை. வெளியே நின்ற துளையிடும் லொறியிலிருந்துதான். பூமிக்கு அடியிலிருக்கும் சூட்டை எடுத்து மின்சாரம் செய்யப்போகிறார்களாம். ஆழத் துளையிட்டுப் பார்க்க எங்கள் ஊரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். மன்னார் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் எங்களிடம் வந்து சூடு தேடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா சிரிக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் கனியமணல், அதாவது தாதுமணல், அள்ள வந்த கம்பனியிடம்தான் என் முதல் வேலை. தேநீர் ஊற்றுவதை 'கம்பனி உத்தியோகம்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தேநீருக்குத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்துதான். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் மெல்லிய களிப்படையின் மேல்தான் நிற்கும். அதற்குக் கீழே உவர்த் தண்ணீர். அதனால் யாரும் ஆழமாகக் கிணறு வெட்டமாட்டார்கள். பெருநாளுக்கு உயிலங்குளத்திலிருந்து வரும் உறவுகள் எங்கள் கிணற்றில் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்கே போவார்கள். அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. வாளியை யாரிடமும் கொடுக்காமல் தானே அள்ளி ஊற்றுவார்.

கீழே எவ்வளவு மணல் இருக்கிறது என்று பார்க்க, எங்கள் வீட்டு வளவு உட்பட ஊரெங்கும் கம்பனி களிப்படையையும் துளைத்து வெள்ளைக் குழாய்களை இறக்கியது. மணலை அள்ளி முடிந்ததும் போய்விட்டது. குழாய்கள் அப்படியே நின்றன. அடுத்த பெருநாளுக்குப் பந்தல்கால் போதவில்லை.

"சும்மா நிக்கிறதுதானே, புடுங்குவம்," என்றார் கோயில் மூப்பர்.

"ஓம், எங்கட வளவுக்க நிக்கிறதையும் எடுங்கோ," என்றார் அம்மா.

பந்தல் நல்ல வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மாரிக்கு முன்பே கிணறு உப்புக் கரித்தது. குழாயைப் பிடுங்கிய துளை வழியே உவர் ஏறிவிட்டதாம். மூடாமல் போனது கம்பனி, பிடுங்கியது நாங்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அம்மா கிணற்றடிப் பக்கமே போகாமல் இருந்தார்.

நேற்றுக் கூட்டத்தில், துளையிட வந்த அதிகாரி, "ஏதும் கேக்கோணுமெண்டால் கேளுங்கோ," என்றார். அம்மா எழுந்தார்.

"தம்பி, போகேக்க குழாய விட்டிட்டுப் போகாதேங்கோ. நாங்கள் புடுங்கிப்போடுவம்."

மண்டபம் சிரித்தது. மூப்பர் மட்டும் தலை குனிந்துகொண்டார். "அதெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுவம் அம்மா," என்று அதிகாரி ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். துளையை யார் மூடுவது என்று அவர் சொல்லவேயில்லை.

உயிலங்குளத்து உறவுகள் இப்போதும் பெருநாளுக்கு வருகிறார்கள், கையில் அவரவர் தண்ணீர்ப் போத்தலோடு. அம்மா வெறுங்கையோடு வாசல் படலையில் நின்று, "வாங்கோ," என்று மட்டும் சொல்கிறார்.