குழிக்குள் ஊற்றிய கிளாஸ்

மறியலில் கம்பி எண்ணிவிட்டு வந்தவனுக்கு யாரும் சட்டென்று வேலை தருவதில்லை. எனக்கு வேலை கிடைத்ததே மறியலில் இருந்ததால்தான். பண்டாரவளையில் குடியை விட நினைப்பவர்களுக்கான ஒரு சிறிய நிலையத்தில் ஆலோசகன். பாம்பின் கால் பாம்பறியும் என்று நினைத்திருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் கசிப்புச் சாராயம் காய்ச்சி, பாதியை விற்று, பாதியை நானே குடித்து, பதுளையில் உள்ளே போனவன் நான். விட்டு ஆறு வருடமாகிறது. இப்போது பஸ் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போகிறேன். 'சேர்' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, மறைப்பானேன்?

பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர், என்னைவிட இளையவர். ஒரு காலத்தில் என்னிடம் கசிப்பு வாங்கிக் குடித்தவர். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடும். என் பேச்சைக் கேட்டு மூன்று மாதமாகக் குடிக்காமல் இருந்தார். அவர் மறுபடி விழுந்தால் அது என் கணக்கில்தான் என்று எனக்கு ஒரு பயம்.

ஒருநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. அடுத்த காம்பரா வீட்டில் இருந்த மாமா இறந்துவிட்டாராம், குழி வெட்டப் போக வேண்டுமாம்.

எங்கள் தோட்டங்களில் குழி வெட்டுவதற்குக் கூலியாள் கிடையாது. லயத்து ஆண்களே அலவாங்கு என்கிற கடப்பாரையோடு வந்து வெட்டுவார்கள். சாவு வீட்டார் அவர்களுக்குச் சாராயப் போத்தல் கொடுப்பார்கள். முதல் கிளாஸைக் குழிக்குள் ஊற்றிவிட்டு, பிறகு ஆளுக்கொன்றாகக் குடிப்பார்கள். மறுத்தால் செத்தவரை அவமதித்ததாகும்.

பயிற்சி வகுப்பில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். "தம்பி, போத்தல் இருக்கிற எடத்துக்குப் போகாதீங்க. ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிருங்க."

அவர் சொன்னார்: "எங்கப்பா செத்தப்ப மொத ஆளா அலவாங்கு தூக்கிட்டு வந்தது அவருதாண்ணே. நீங்களும் தோட்டத்துல பொறந்தவருதானே? இப்புடிச் சொல்றீங்களே."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குழிக்கு வராதவன் வீட்டுச் சாவுக்கு நாளைக்கு எவன் வருவான்? நாலு எழுத்துப் படித்ததும் இது எனக்கு மறந்துவிட்டது பாருங்கள். "நானும் வாறேன், சேந்து வெட்டுவோம்" என்றேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலைக்குக் கட்டிக்கொள்ளப் பழைய சாரம் ஒன்றை எடுத்துத் தந்தாள்.

தோட்டத்து மயானத்தில் மேல்மண் இளக்கமாக வந்தது. அதற்குக் கீழே ஒரே கல். எங்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேர் மாறி மாறி அலவாங்கு போட்டோம். "சேருக்குப் பேனா புடிச்ச கை, கொப்பளம் வந்துரும்" என்று கேலி செய்தார்கள். வந்தது. ஆனாலும் உடம்பு வேர்த்து வேலை செய்தது சந்தோஷமாகவே இருந்தது.

இடுப்பளவு ஆழம் வந்ததும் போத்தல் வந்தது. மூத்தவர் ஒரு கிளாஸைக் குழிக்குள் ஊற்றினார். அடுத்ததை நிரப்பி என்னிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க சேர். வெளியூருலேர்ந்து வந்து வெட்டியிருக்கீங்க."

தம்பிக்காகப் பேசப் பத்து வார்த்தை தயாராக வைத்திருந்தேன். எனக்காகப் பேச ஒன்றுகூட இல்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது. கை தானாக மேலே போனது. என்னிடம் வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பக்கத்திலிருந்து தம்பியின் கை நீண்டு கிளாஸை வாங்கிக்கொண்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ குனிந்து அதைக் குழிக்குள் ஊற்றினார்.

"மாமா, எங்க ரெண்டு பேரு பங்கையும் நீங்களே வச்சுக்கங்க. உசுரோட இருந்தப்பவும் அடுத்தவன் பங்கையும் சேத்துத்தானே குடிச்சீங்க!"

குழியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மூத்தவர் எங்களைத் தாண்டி அடுத்த ஆளுக்கு ஊற்றினார். யாருக்கும் கோபமில்லை.

அடக்கம் முடிந்து, பஸ் ஏற்றிவிடப் பெரகல சந்திவரை தம்பி கூடவே வந்தார். "இன்னைக்கு நீங்கதான் என்னயக் காப்பாத்துனீங்க தம்பி" என்றேன்.

"மதினி காலையிலயே போன் பண்ணிட்டாங்கண்ணே. 'அவரு ஒங்களப் பாத்துக்க வாறாரு, நீங்க அவரப் பாத்துக்கங்க'ன்னாங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆறு வருடமாகியும் நம்பிக்கை இல்லையா? பஸ்ஸில் உட்கார்ந்து மனைவியைத் திட்ட வார்த்தை தேடினேன். கிளாஸுக்குப் போன கை மடியில் கிடந்தது. அப்புத்தளை வருவதற்குள் கோபம் போய்விட்டது.

சாவுக்குப் போய் வந்தவன் குளிக்காமல் உள்ளே போகக்கூடாது. வாசலில் நின்றபடியே, அவள் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்து ஊதிக் காட்டினேன்.

"ஊதாம போய்க் குளிங்க" என்று வாளியை நீட்டினாள். "அந்தத் தம்பி அப்பவே போன் பண்ணிட்டாரு."