குளித்துவிட்டு வீட்டுக்குப் போவது

மன ஆலோசகர்கள் தங்களை எப்படிப் பேணிக்கொள்வது, எப்படிப் புதுப்பித்துக்கொள்வது என்று இப்போது நிறைய எழுதுகிறார்கள். நல்ல காகிதத்தில், அழகான படங்களோடு வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பூட்டு ஞாபகம் வருகிறது. உடனே கோபமும் வருகிறது. இத்தனை வருடத்தில் அது குறையவில்லை.

எண்பதுகளின் நடுவில், தாராவியில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஆலோசனை மையத்தில் நானும் இன்னொரு பெண்ணும் வேலை பார்த்தோம். இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சம்பளம். நான் பத்திரிகை வேலையை விட்டு வந்தவள். வீடு மாட்டுங்காவில், அடுக்குமாடியில். அவள் தாராவிக்குள்ளேயே இருக்கும் லேபர் கேம்பில் பிறந்து, படித்து, அங்கேயே கல்யாணமும் ஆனவள். ஊரைப் பார்த்ததே ஓரிரு முறைதான் என்றாலும் பேச்சு மட்டும் பெற்றோரின் திருநெல்வேலிப் பேச்சு.

மையம் ஒரு தோல் பட்டறையின் மாடியில் இருந்தது. பிளைவுட் தடுப்பு, இரண்டு மேசை, பின்னால் ஒரு குளியலறை. பட்டறைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று படிக்கட்டு முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடி வாங்கியவர்கள், புருஷன் காணாமல் போனவர்கள், தூக்கம் வராதவர்கள். கேட்டதையெல்லாம் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எப்படி விடுவது என்று சொல்லித் தரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டவ் வெடித்து மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்தாள். வெடித்தது ஸ்டவ் அல்ல என்பதை அவள் சொல்லி முடிக்க மதியத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் என் தோழியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தோழி என்னிடம் சொன்னாள்: “அக்கா, ராத்திரி பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியல. இந்தக் கையை அவ வாய்கிட்ட கொண்டுபோவ மனசு வரல. ஸ்பூனை வச்சு ஊட்டுனேன். என்னம்மா ஆச்சு கைக்குன்னு கேக்கா.”

அவள் மகளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். தெற்கத்திக்காரர்கள் சாவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லி வருவதைக் கேதம் கேட்பது என்பார்கள். போய் வந்தால் குளிக்காமல் எதையும், யாரையும் தொட மாட்டார்கள். நாம் தினமும் கேதம்தானே கேட்கிறோம், குளிக்காமல் எப்படி வீட்டுக்குள் போவது என்றாள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இருவரும் மாறி மாறிக் குளித்தோம். பட்டறை முதலாளி மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் என் வீட்டிலேயே குளித்திருக்கலாம். அவளால் முடியாது. ஒற்றை அறை, மூலையில் மோரி என்று ஒரு மறைப்பில்லாத கழுவுமிடம், விடியலில் மட்டும் வரும் குழாய், சாயங்காலம் வீடு நிறைய ஆண்கள். என் வீட்டுக்கு வந்து குளியேன் என்று கேட்டதற்குச் சிரித்தாள். “ஒங்க மாமியார் மூஞ்சியப் பாத்துட்டு அதுக்கு ஒரு குளி குளிக்கணும்லா.”

நான்கைந்து மாதம் அப்படிப் போனது. அவள் மறுபடி கையால் ஊட்டினாள். எனக்கும் தூக்கம் வந்தது.

அறக்கட்டளையின் செயலாளர் மாட்டுங்காக்காரர், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் எதிர்பாராமல் வந்தவர் எங்கள் ஈரத் தலையைப் பார்த்தார். எங்களை உட்கார வைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“இப்படிக் குளிச்சுட்டு எறங்கிப் போனா இந்த ஜனங்க என்ன நினைப்பா? நம்மளைத் தொட்டதுக்குத் தீட்டுக் கழிக்கறான்னு தோணாதா?”

“சார், நானே இந்த ஜனம்தான்” என்றாள் என் தோழி.

“உனக்குச் சொல்லலைம்மா. பொதுவாச் சொல்றேன்.”

தீட்டு என்ற அந்தச் சொல் எங்கள் இருவர் வீட்டையும்விட அவர் வீட்டில்தான் அதிகம் புழங்கியது. அவர் வீட்டுக் குழாயை வேலைக்காரி தொட முடியாது. அதே மனிதர், லேபர் கேம்ப் பெண்ணுக்குத் தீண்டாமை பற்றிப் பாடம் நடத்தினார். நாங்கள் கேதம் பற்றி விளக்கினோம். பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாததையும் அவள் மறைக்காமல் சொன்னாள். தலையாட்டிக் கேட்டார். சேவைக்கு வந்த பிறகு சௌகரியம் பார்க்கலாமா என்றார். அடுத்த வாரம் குளியலறைக் கதவில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி அவரிடம்.

மூன்று முறை கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். என் தோழி மீண்டும் ஸ்பூனுக்குப் போனாள். பிறகு சாயங்காலம் வீட்டுக்குள் போகாமல் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் விலக்கிவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அறக்கட்டளை எங்களுக்காகச் செம்பூரில் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. ஊழியர்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்வதற்காம். வாடகை அரங்கு, விளக்கேற்றல், வெளியூர்ப் பேச்சாளர், புதிதாக வாங்கிய மடக்கு நாற்காலிகள். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார் பேச்சாளர். அருவியின் கீழே நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்; நாள் முழுவதும் கேட்ட துயரமெல்லாம் தண்ணீரோடு வழிந்து போய்விடும். முன்வரிசையில் செயலாளர் கண்ணை மூடி, முகம் மலர்ந்து, நனைந்துகொண்டிருந்தார்.

“அக்கா, இந்த அருவிக்கும் பூட்டு இருக்கான்னு கேளுங்க” என்று என் தோழி காதருகே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், நான் கண்ணைத் தெறந்துட்டேன். பாத்ரூம் சாவி வேணும்.”

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். செயலாளர் பேச்சாளரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் புன்னகை ஒன்று செய்தார். அப்புறம் பேசலாம், உட்காரும்மா என்றார். அவள் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் போனேன்.

அவள் மையத்துக்குத் திரும்ப வரவே இல்லை. கோவண்டியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தாள். வேலை நேரம் முழுதும் கோப்புகள், பேசுகிறவர் யாருமில்லை. சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவதாகச் சொன்னாள். அவள் அளவுக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவள் அங்கே வருகைப் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பூரிலிருந்து வந்த மடக்கு நாற்காலிகளைக் குளியலறையைத் திறந்து உள்ளே அடுக்கி, மறுபடி பூட்டினார்கள்.

செம்பூர் நிகழ்ச்சிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய் படியேறி வந்தாள். என் தோழியின் காலி மேசையைப் பார்த்தாள். வேலையை விட்டுவிட்டாள் என்றேன். ஏன் என்று கேட்டாள். செயலாளர் அறிந்தால் வேலை போகும் என்று தெரிந்தேதான் நடந்ததைச் சொன்னேன்.

அவள் தடுப்புக்குப் பின்னால் தெரிந்த பூட்டைப் பார்த்தாள்.

“கேதம் கேட்டவளக் குளிக்க விடாமயா வச்சிருந்தாவ?”

என் எதிரே நாற்காலி இருந்தது. அவள் அதில் உட்காரவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே படியிறங்கிப் போனாள்.