உப்பு பார்த்தவள்

குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்று எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. என் மனைவிக்குக் கொதிக்கிற வாசனையிலேயே தெரிந்துவிடும். அவள் வீட்டார் பக்கம் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, கல்யாணம், திருவிழா எதுவானாலும் அண்டாவை இறக்குவதற்கு முன், "அக்காவக் கூப்டு, உப்பு பாக்கணும்" என்று சமையல்காரர் ஆள் அனுப்புவார். இவள் பட்டுப்புடவையோடு போய் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்து, "அரைக் கை போடுங்க" என்றோ "போதும், எறக்குங்க" என்றோ சொல்லிவிட்டு வருவாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாராட்டினால் குறைந்துபோவேன் என்று நினைக்கிற ரகம் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் இருந்தேன். மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. அதுவும் கடல் மீன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போனால், நான் இரண்டு இருபது லிட்டர் கேன்களோடு கடற்கரைக்குப் போவேன். லோக்கல் ரயிலில் கேன்களைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வருகையில், "இன்னா சார், கடலையே காலி பண்ணிகினு போறீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுசை ஊற்றுவேன். ஒருமுறை சோம்பல்பட்டு, குளோரின் மருந்து நெடி அடிக்கிற லாரித் தண்ணீரை ஒரு குடம் ஊற்றினேன். மறுநாளே தொட்டியில் இருந்த இரண்டு நீல மீன்களும் செத்து மிதந்தன. அன்றிலிருந்து தொட்டியில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று.

மீன் போன தொட்டிக்குப் பவளம் வந்தது. கூட வேலை செய்த தூத்துக்குடிக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, சங்கு குளிக்கப் போகிற அவருடைய அண்ணன் கொடுத்ததாக மூடி போட்ட வாளியில் கொண்டுவந்தார். தேங்காய் அளவுக் கல். அதன்மேல் சட்டைப் பித்தான் அகலத்தில் ஆரஞ்சு நிறக் குமிழ்கள். பகலில் பார்த்தால் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஒவ்வொரு குமிழும் மஞ்சள் இதழ் விரித்துப் பூவாக நிற்கும். சூரியப் பவளம் என்று பெயராம். பெயரில் மட்டும்தான் சூரியன். வெயில் தேவையே இல்லை, தொட்டியின் நிழல் மூலைதான் அதற்கு இடம். மற்றப் பவளங்கள் வெளிச்சத்தை வைத்தே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். இதற்கு வாயில் ஊட்டியாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக. எண்ணிப் பார்த்தோம், முப்பத்தேழு வாய்.

இறாலை அலசி, கடுகு அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். முதலில் இறால் சாற்றில் கொஞ்சம் தண்ணீரில் விட்டால் வாசனை பிடித்து மெல்ல விரியும். பிறகு இங்க் ஃபில்லரில் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒவ்வொரு வாயிலும் வைக்க வேண்டும். இதழ்கள் துண்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளப் பத்து நிமிஷம் ஆகும். தினமும் ஆறு மணிக்கே ஊட்டிப் பழக்கியதால், நான் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போது அது விரிந்து காத்திருக்கும். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "தோ, அந்த மூலைல கீறவன் வுட்டுப் போச்சு பாருங்க" என்று எடுத்துக் கொடுப்பாள். எங்களுக்குக் கல்யாணமாகி அதுவரை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து எதையும் செய்ததில்லை. அந்தக் கல் அதைச் செய்ய வைத்தது.

அந்த மே மாதம் புதிய மெஷின் பழக என்னை ஆறு வாரம் புனேவுக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீருக்கு ஆள் இல்லை. ஐந்து கேன் கடல் தண்ணீரை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு, வெயிலில் தொட்டி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை இதிலிருந்து ஊற்று என்றேன்.

அவள் கேனையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, கொதிச்சி வத்திப்போனா குழம்பு கரிக்கும். அப்ப வெந்நீர்தான ஊத்துவோம்? மறுபடி உப்பா போடுவோம்?"

"கடலும் உன் குழம்புச் சட்டியும் ஒண்ணா? சொன்னதச் செய்" என்றேன்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. தண்ணீர் ரொம்பக் கரிக்கிறது, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் இப்படிக் கரிக்காது, கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றட்டுமா, பதில் போடுங்கள் என்று எழுதியிருந்தாள். நான் ஒரு கார்டில் இரண்டே வரி எழுதினேன்: "நல்ல தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும். சொன்னதைச் செய்."

திரும்பி வந்தபோது கல் வெறும் கல்லாக இருந்தது. ஆரஞ்சு சுருங்கிப் போய், அடியிலிருந்த வெள்ளை எலும்பு தெரிந்தது. தொட்டி விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒரு கிண்ணத்தில் நறுக்கிய இறால் இருந்தது.

என்னைப் பார்க்கக் குமணன்சாவடியிலிருந்து அவள் தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கிண்ணத்தை மேஜைமேல் வைத்துக் கத்தினேன். "வேளா வேளைக்கு ஊட்டியிருந்தா இது ஏன் மிச்சம்? முப்பத்தேழு வாயையும் பட்டினி போட்டே கொன்னுட்டியேடி!"

"ஒரு நாள்கூட வுடலீங்க. அது நாளைக்கு எட்த்து வெச்சது" என்றாள். விரியாத வாய்களுக்கு எதிரே கடைசி வாரமும் அவள் ஃபில்லரோடு உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னார்கள். அன்று நான் யார் சொல்லையும் கேட்கிற நிலையில் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். காபி கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு, என்ன நோய் என்று கேட்கத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு கொளத்தூரில் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பால் சோதிக்கிற மாதிரி ஒரு கண்ணாடிக் குழலை அதில் விட்டார். குழல் மூழ்காமல் எம்பி நின்றது.

"இன்னாண்ணா, உப்பளத்துலேர்ந்து மொண்டுகினு வந்தியா?" என்று சிரித்தார். நான் நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். "ஆவியாப் போறது தண்ணிதாண்ணா. உப்பு எங்க போவும்? கொறஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். மருந்து வாசன போவ ஒரு நாள் வெச்சிட்டு ஊத்தணும், அவ்ளோதான்."

வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றியதால்தான் என் அறியாமை அதுவரை வெளியே தெரியவில்லை. அவள் சமையற்கட்டில் நின்று ஒரே வாக்கியத்தில் சொன்னதை, நான் பஸ் ஏறிப் போய் இன்னொருவனிடம் கேட்டு வந்தேன். வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள், "இன்னா சொன்னாங்க?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"அவனுக்கும் தெரியல" என்றேன்.

என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதற்காகத்தான் இன்றும் கூசுகிறேன். அந்த வாரத்திலிருந்து அவள் கரண்டியோடு என்னிடம் வர ஆரம்பித்தாள். ரசமோ கூட்டோ எதுவானாலும், "உப்பு சரியா கீதா பாருங்க" என்று நீட்டுவாள். எனக்குத்தான் உப்பே தெரியாதே. நாலு வருஷம் எல்லாவற்றையும் சரியாக இருப்பதாகவே சொல்லிவந்தேன். அவள் அடுப்பை அணைப்பாள். கரித்தாலும் அதையேதான் இருவரும் தின்றோம்.

நாலாம் வருஷம் அவள் தம்பி புது வீடு கட்டி, சாமியாரை அழைத்து மந்திரிப்பு வைத்தான். அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு. வழக்கம்போல அக்காவைக் கூப்பிட்டார்கள். "எனுக்கு அதெல்லாம் தெரியாது. அவரக் கேளுங்க" என்றாள். கேலி செய்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அத்தனை பேர் எதிரில் நானும் பெரிய ஆள் மாதிரி நக்கிப் பார்த்து, "சரியா கீது" என்றேன். பந்தியில் ஜனங்கள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொல்லிவிட்டேன். கொளத்தூர் கடை, கண்ணாடிக் குழல், எல்லாவற்றையும். அதற்குமேல் அடக்கி வைக்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கே நாக்குல வெச்சிப் பாத்தனே."

"அப்ப உன் தம்பி எதிர்ல ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க புனேலேர்ந்து போட்ட கார்டு ஜெபப் புஸ்தகத்துலதான் கீது. எட்த்து அவன் கைல குட்த்திருந்தா உங்க மொகம் இன்னாவாயிருக்கும்?"

எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீதான் சரி. இனிமே நீயே உப்பு பாரு" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியாம ஊத்தியிருந்தா பரவால்ல. கரிக்குதுன்னு தெரிஞ்சே, நீங்க சொன்னீங்கன்னு, தெனம் ஒரு சொம்பு என் கையாலயே ஊத்துனேன். ஒரு கைல ஊட்டினேன், இன்னொரு கைல ஊத்துனேன். அதுக்கப்பறம் இந்தக் கைய நானே நம்பறதில்லீங்க."

மறுநாள் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தினேன். சமையற்கட்டிலிருந்து அவள் வந்து கரண்டியை நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்தேன். எப்போதும்போல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.