சுவர் டீச்சர்

மாடி ஹாலுக்கு யோகா கற்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சுவர் டீச்சர். காலைச் சுவரில் ஏற்றிப் படுப்பதானாலும் சரி, உள்ளங்கையைப் பதித்து இடுப்பை வளைப்பதானாலும் சரி, அவளுக்குச் சுவர் வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களும் முதுகு பிடித்தவர்களும் தேடி வந்தார்கள். தொந்தி இறங்காத வங்கி மேலாளர்கூட வந்தார். "இது என்ன புது முறை டீச்சர்?" என்று கேட்டால், "பத்து வருஷ அனுபவம் சார்" என்று வாய் கூசாமல் சொல்வாள்.

அனுபவமாவது மண்ணாவது! பயம்.

ஒரு வருடத்துக்கு முன், ஹால் நடுவில் ஒற்றைக் காலில் நின்று விருட்சாசனம் காட்டியபோது தரை சரிந்தது. எப்படியோ சமாளித்தாள். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் இடது கால் செருப்பு கழன்றுகொண்டது. நாலு படி ஏறிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவளுடைய அக்காவும் ஒரு காலத்தில் நன்றாக நடந்தவள்தான். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அது எப்படி ஆரம்பித்தது என்று இவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! டாக்டரிடம் போகவில்லை, கணவனிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் வகுப்பில், "இனிமே எல்லாரும் சுவர் பக்கம் வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

கூட்டம் பெருகியதில் ஹால் சொந்தக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோய், பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். வினை அங்கேதான் வந்தது. மாலை வகுப்புக்கு அவள் வந்தபோது பெயிண்டர் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தொட்டுடாதீங்கம்மா, ஈரம்" என்றவர், ஜன்னலோரம் தோள் உயரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். "மத்த இடமெல்லாம் ரெண்டு கோட்டிங்ல மறைஞ்சிடுச்சு. இது மட்டும் மூணு அடிச்சும் தெரியுது. சும்மா கை பட்ட அழுக்கு இல்ல இது. யாரோ தினமும் விழாம இருக்கப் பிடிச்சிட்டு நின்னிருக்காங்க."

அது அவள் நிற்கிற இடம். இந்த மனுஷனை யார் துப்பறியச் சொன்னது?

வகுப்பு கூடியது. "சுவருக்கு இன்னிக்கு லீவு டீச்சர்! நடுவுல நின்னு காட்டுங்க" என்றார் வங்கி மேலாளர். வயிற்று வலி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வறட்டு ரோஷம் விடவில்லை. இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கினாள். மூன்று எண்ணும்வரை நின்றாள். நான்கு எண்ணும்போது இடது பாதம் இருக்கிற உணர்வே இல்லை. ஹால் சுழன்றது. தடுமாறி ஓடிய கை, பழகிய இடத்தில் போய்ப் பதிந்தது. ஐந்து விரலும் ஈரப் பெயிண்டில்.

எல்லாரும் சிரித்தார்கள். பெயிண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, பெயிண்ட் படாத கையால் போனை எடுத்தாள்.

"அக்கா, உனக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"எந்தக் காலுடி?" என்றாள் அக்கா.

"இடது."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா. பயமா இருக்குக்கா."

"நானும் யார்கிட்டயும் சொல்லலடி. ரெண்டு வருஷம் சுவத்தப் பிடிச்சுக்கிட்டே வீட்டைச் சுத்தினேன். டாக்டர்கிட்ட போனப்ப, ஏம்மா இவ்வளவு லேட்டுன்னுதான் முதல்ல கேட்டார்." குரல் உடைந்தது. "பக்கத்துல யாரு இருக்கா? போனைக் குடு."

"எதுக்கு? நானே போய்க்கிறேன்."

"நீ போக மாட்ட. நான் போகலையே. குடு!"

திரும்பிப் பார்த்தாள். கதவருகில் பெயிண்டர் துணியில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். அவள் போனை அவரிடம் நீட்டினாள்.